பையோடு தாரைவார்த்த கதை

சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் வயிற்றின் இடப்பக்கம் குடலுக்கு ஒரு வாய் திறந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். மலம் அதற்குள் வரும். அதுகூடப் பரவாயில்லை. காற்றும் அதன் வழியாகத்தான் வரும். அடக்கவும் முடியாது, எப்போது வரும் என்று தெரியவும் தெரியாது. வெள்ளவத்தை வீட்டுக்குத் திராட்சைப்பழத்தோடு சுகம் விசாரிக்க வந்தவர்களுக்கு எனக்கு முன்னால் அது பதில் சொல்லிவிடும். "இந்தக் கதிரை சரியில்லை" என்று நான் சமாளிப்பேன். ஒருவர் அதை நம்பி, அடுத்த நாளே கதிரை திருத்துகிற ஆளை அனுப்பிவிட்டார்.

மகளின் கல்யாணம் நெருங்கியபோதுதான் பெரிய சிக்கல் தொடங்கியது. பொம்பிளையின் தகப்பன் மேலில் சட்டையில்லாமல், வேட்டியோடு மணவறையில் இருந்து தாரைவார்க்க வேண்டும். நானூறு பேருக்கு முன்னால் இந்தப் பையோடா?

"தம்பி தாரைவார்க்கட்டும். நான் பின்வரிசையிலை இருக்கிறன்" என்றேன்.

மகளுக்கு வந்ததே கோபம்! அது அவளுக்கு என்னிடமிருந்து போனதுதான்.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அப்பா. சித்தப்பா வந்து இருந்தால் நான் எழும்பிப் போயிடுவன். எனக்கு அப்பா உயிரோடை இருக்கிறார்."

அந்தக் கடைசிச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பின்வரிசை யோசனையை அதோடு கைவிட்டேன்.

மனைவி ஒத்திகை வைத்தாள். வேட்டியைத் தொப்புளுக்கு நாலு விரல் மேலே ஏற்றிக் கட்டி, அதன்மேல் சால்வையை இரண்டு சுற்றுச் சுற்றினாள். கண்ணாடியில் பார்த்தால் பார்சல் கட்டியதுபோல நின்றேன்.

"இதென்னப்பா கோலம்?"

"வடிவாத்தான் இருக்கு, ஆடாமல் நில்லுங்கோ."

பை மறைந்துவிட்டது. சத்தம்தான் மிச்சம். பருப்பு, உழுந்து, கோவா இலை எல்லாம் காற்றைக் கூட்டும் என்று ஆஸ்பத்திரித் தாதி சொல்லியிருந்தார். மூன்று நாள் பாணும் தேத்தண்ணியுமாகக் கிடந்தேன். ஆனால் கல்யாணத்தன்று காலை, பம்பலப்பிட்டி மண்டபத்தின் சமையல்கட்டுப் பக்கம் சும்மா எட்டிப்பார்த்தேன். அங்கே உழுந்துவடை பொரிந்துகொண்டிருந்தது. மூன்று வடை சாப்பிட்டேன். நானும் மனிசன்தானே!

மணவறையில் இருந்தோம். மகளின் வலது கை என் கைக்குள். மனைவி தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றாள். மேளகாரர் வாசிப்பை நிறுத்த, ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். மண்டபமே அமைதி. அப்போதுதான் வடை வேலையைக் காட்டியது. முதலில் ஒரு சின்ன முனகல். பிறகு நீட்டி ஒன்று. ஐயர் என் பாட்டனாரின் பெயரில் அப்படியே நின்றுவிட்டார். உதவிக்கு ஒரு கதிரைகூட இல்லை, தரையில் அல்லவா இருந்தேன்! செத்தேன் என்று நினைத்தேன்.

மகள் இடது கையை உயரத் தூக்கி விரலை ஆட்டினாள்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மேளகாரர் வெளுத்து வாங்கினார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் சனம் பார்க்கவா போகிறது? பூவும் அரிசியும் மழையாகக் கொட்டின. முன்வரிசையில் ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை, தாலி இன்னும் தட்டிலை கிடக்கு!" என்று ஐயர் கத்தினார். வீடியோக்காரர் ஓடிவந்து, "தாலி கட்டினது எடுபடேல்லை, திரும்ப ஒருக்கா கட்டுங்கோ" என்றார். மாப்பிள்ளை தலையில் அரிசியோடு திருதிருவென்று முழித்தார்.

அந்த அமளிக்குள் மகள் என் காதுப்பக்கம் குனிந்தாள்.

"இன்னும் வருமோ அப்பா? வந்தால் கையை அமத்துங்கோ. நான் திரும்பவும் விரலைத் தூக்கிறன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சால்வை குலுங்க இரண்டையும் செய்தேன். மேளம் ஓய்ந்ததும் ஐயர் பாட்டனாரில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். மனைவி தண்ணீரை வார்க்க, மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். தம்பி வைக்கவில்லை, நான்தான் வைத்தேன்.