ஸ்பானிஷ் வகுப்பின் ஐந்தாவது ஆள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிப்பித்தார்கள் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஆனால் நடந்தது. ஒரு வருஷம்கூட நிற்கவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த சேர், அதற்கு முன்பு தென்னமெரிக்கப் பக்கம் ஓடிய கப்பல்களில் கிளாக்கராக இருந்தவர். பள்ளி விட்ட பிறகு, விருப்பமானவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன் என்று அதிபரிடம் கேட்டார். ஐந்து பேர் இருந்தால் அறை தரலாம், ஒருவர் குறைந்தாலும் பூட்டுத் திறப்பைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார் அதிபர்.

நான்கு பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள் நான்.

எனக்கு ஸ்பானிஷ் வேண்டியிருக்கவில்லை. வேறு படிப்பும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை. அரியாலையில் கடலேரிக் கரையோரம் எங்கள் வீடு. பள்ளி விட்டால் நேரே போய் ஐயாவோடு வலை துப்பரவாக்க வேண்டும். பாசி எடுக்க வேண்டும், நண்டு அறுத்த இடத்தைப் பொத்த வேண்டும். என்னை அந்த வகுப்புக்கு இழுத்தவன் என் பக்கத்து வாங்கில் இருந்த சினேகிதன். அளவெட்டியில் தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளை. அவனுடைய சித்தப்பா ஒரு கப்பலில் இருந்தார். அதில் மேலதிகாரிகள் எல்லோரும் ஸ்பானிஷ்காரர். பாஷை கொஞ்சம் பிடிபட்டால் அடுத்த முறை வரும்போது தன்னோடு கூட்டிப் போவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். பல்கலைக்கழகம் எட்டாது என்பது அவனுக்குத் தெரியும். செய்கிற தோட்டமும் குத்தகை. அவனுக்கு இருந்த வழி அந்த வகுப்பு ஒன்றுதான்.

“நீ வந்து சும்மா இரு மச்சான். நித்திரை கொண்டாலும் காரியமில்லை. உன்ரை வேலையைச் சனிக்கிழமையிலை நான் வந்து செய்யிறன்,” என்றான்.

“நீயோ? வலையைத் தொட்டிருக்கிறியோடா?”

“பழகினாச் சரிதானே.”

வந்தான். ஐயா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, வீட்டிலை தெரியுமோ?”

“படிக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான் ஐயா.”

“அதுவும் சரிதான். உதுவும் ஒரு படிப்புத்தானே,” என்று சிரித்தார் ஐயா.

முதல் நாளே கெளிற்று மீன் முள் ஏறி அவன் கை வீங்கியது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார். அடுத்த சனியும் வந்தான். பாசி எடுத்துக்கொண்டே இறாலை ஸ்பானிஷில் எண்ணுவான்: உனோ, தோஸ், த்ரேஸ்.

“உந்தப் பாஷையிலை எண்ணினா இறால் கூடுமோ மோனை?” என்று அம்மா கேட்பார்.

“கூடாதம்மா. குறையவும் மாட்டுது.”

வகுப்பில், அவன் சொன்னபடியே நான் நித்திரை கொண்டேன். சேர் எழுப்பியதில்லை. அவருக்கும் தேவைப்பட்டது ஓர் ஆள்தான்.

அவன் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருந்தேன். வெளியில் வாங்கு போட்டு இருத்தி, எனக்கென்று ஒரு பேணியில் தேத்தண்ணி தந்தார்கள். அந்தப் பேணி அவர்கள் குடிக்கிற பேணி இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. முகம் சுளிக்காமல், மரியாதையாகத்தான் தந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எங்கள் முற்றத்தில் குந்தியிருந்து பாசி எடுப்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருந்தது. அதனால் பேச்சில் இல்லாத வேலையையும் அவனுக்குக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை இறால் நிறையப் பட்டிருந்தது. சின்னக்கடைச் சந்தைக்குப் போகும்போது அவனையும் சைக்கிளில் ஏற்றினேன். அவன் வரத் தேவையே இல்லை. சந்தை வாசலில் இறால் நிறைந்த ஓலைக் கடகத்தைத் தூக்கி அவன் தலையில் வைத்துவிட்டு, நான் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தேன். மீன் தண்ணீர் அவன் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. அப்போது மீன் வாங்க வந்த ஒருவர் வழியை மறித்து நின்றார். அவனுடைய தாய்மாமன்.

“டேய், நீயெல்லோ! உது ஆரின்ரை கடகம்?”

அவன் என்னைப் பார்த்தான். மாமன் என் பக்கம் திரும்பினார்.

“இவன் ஏன் தூக்கிறான்?”

“கூலிக்குப் பிடிச்சிருக்கிறம்,” என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்து மீன் விற்ற பெண்கள் சிரித்தார்கள். “தம்பி, எனக்கும் உப்பிடி ஒரு வெள்ளைச் சட்டைக்காரனைப் பிடிச்சுத் தாவன்!” என்றாள் ஒருத்தி. மாமன் சிரிக்கவில்லை. மீனும் வாங்காமல் திரும்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. அதிபர் ஒருநாள் வகுப்பறை வாசலில் நின்று எங்களை எண்ணிப் பார்த்தார். சேர் தானாகவே திறப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வகுப்பு அன்றோடு சரி.

அதற்குப் பிறகுதான் நான் அளவெட்டிக்கு பஸ் ஏறினேன். அவனுடைய தகப்பன் வேலி அடைத்துக்கொண்டு நின்றார். நின்ற நிலையிலேயே சொன்னேன்.

“ஐயா, அவன் கூலிக்குத் தூக்கேல்லை. நான் பொய் சொன்னனான். சினேகிதத்துக்குச் சும்மா தூக்கினவன்.”

அவர் கையில் இருந்த ஓலையைக் கீழே வைத்தார்.

“கூலிக்கெண்டா, வீட்டிலை கஷ்டம், பெடியன் எங்களுக்குத் தெரியாமல் உழைக்கப் போயிட்டான் எண்டு சனத்துக்குச் சொல்லலாம். உவ்வளவு நாளும் அப்பிடித்தான் சொன்னனான். இப்ப நீர் வந்து சும்மா தூக்கினவன் எண்டுறீர். அதை நான் ஆருக்குச் சொல்லுறது?”

உண்மையைச் சொன்னால் சரிவரும் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான்.

சினேகிதன் என்னோடு பஸ் நிற்கிற இடம்வரை நடந்து வந்தான். அவனுக்கு என்னில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

“ஐயா மெல்ல மெல்ல இளகுவார். அடுத்த தவணைக்கு எப்பிடியும் வந்திடுவன். சித்தப்பா வரவும் நாள் கிடக்கு. வகுப்பு நடக்குதுதானே?”

“ஓம், நடக்குது.”

“அப்ப என்ரை இடத்துக்கு ஆள் கிடைச்சிட்டுதோ?”

“ஒருத்தன் வந்திருக்கிறான்.”

“கெட்டிக்காரனோ?”

“உன்னளவுக்கு இல்லை.”

அவனுக்கு அது சந்தோஷமாக இருந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்தத் தவணை முடியுமுன்பே நான் பள்ளியை விட்டேன். மன்னார்க் கரையில் மீன்வாடி போட்டுத் தொழில் செய்யப் போன ஆட்களோடு ஒட்டிக்கொண்டு போனேன். அங்கே மழைக்கு ஒழுகுகிற கொட்டிலில் ஒரு பருவம் கிடந்தேன். அடுத்த பருவம் வேறு கரை. எங்கும் நிலையாக நிற்கவில்லை.

ஸ்பானிஷ் வகுப்பில் இருந்த மற்ற மூவரில் ஒருவனை மன்னார் பஸ் நிலையத்தில் கண்டேன். மற்றதை அவன்தான் சொன்னான். வீட்டில் சோறு தின்னாமல் கிடந்து சண்டை பிடித்து, புதுத் தவணைக்கு என் சினேகிதன் பள்ளிக்கு வந்தானாம். முதல் நாளே, பள்ளி விட்டதும் கொப்பியோடு அந்த அறைக்குப் போனானாம். அங்கே உடைந்த வாங்குகளை அடுக்கியிருந்தார்கள். கொஞ்ச நாளில் படிப்பை விட்டுத் தோட்டத்தோடு நின்றுவிட்டானாம்.

“என்னைப் பற்றி ஏதும் கேட்டவனோ?” என்றேன்.

“ஓம். ‘வகுப்பு நிண்டது அவனுக்கும் தெரியாதாக்கும்’ எண்டு கேட்டவன்.”

“நீ என்ன சொன்னனீ?”

“நான் என்னத்தைச் சொல்ல? தெரியாதாக்கும் எண்டிட்டன்.”