நண்பகலில் திறந்த நோன்பு

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் பெயரை முன்வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் அம்மா வஃபாத்தாகி ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்ட அண்ணன், "அம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுது" என்றார். அம்மாவைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

அம்மா பிறந்தது ஹனூர் பக்கத்து ராமாபுரத்தில். பதினெட்டு வயதில் நிக்காஹ் முடிந்து மைசூருக்கு வந்தார்கள். நான் நான்காம் வகுப்பு படிக்கையில் எங்களைப் பெற்ற அத்தா மவுத்தானார்கள். அதன்பின் அம்மா வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டி எங்கள் இருவரையும் படிக்கவைத்தார்கள். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தால் உள்ளங்கைக் கரி போகத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். "கை கறுத்தா என்ன கண்ணு, ரெண்டும் வேலை செய்யுது, அல்ஹம்துலில்லாஹ்" என்பார்கள். சண்டை போடுவது கன்னடத்தில், அல்லாஹ்விடம் துஆ கேட்பது தமிழில். இரண்டிலும் அம்மாவை யாரும் மிஞ்ச முடியாது.

எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்த அம்மா நோன்பில் மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை. பிள்ளைப்பேற்றிலும் காய்ச்சலிலும் விட்டுப்போன நோன்புகளை நாள் எண்ணி வைத்திருந்து, மற்ற மாதங்களில் களா நோன்பாக நோற்று முடித்தார்கள். அது முடிந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

எழுபதைத் தாண்டியதும் மறதி வந்தது. அடுப்பில் வைத்த பாலை மறந்தார்கள். அத்தா இல்லை என்பதை மறந்தார்கள். பிறகு என் பெயரையும் மறந்தார்கள். களா நோன்பை முடித்துவிட்டதையும் மறந்துபோய், பாக்கி இருக்கிறது என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது. அதனால் அம்மாவுக்குத் தினமும் நோன்புதான். விடியுமுன் எழுந்து இரண்டு இட்லி சாப்பிட்டு நிய்யத் வைத்தால், பிறகு தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். சர்க்கரை நோய் உள்ள உடம்பு. இரண்டு முறை சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தார்கள். நான் கெஞ்சினேன், அழுதேன், ஒருநாள் கத்தியும்விட்டேன்.

"அல்லாவுக்குக் குடுக்க வேண்டியது இருக்குதே, அதக் குடுக்காமப் போயிருவனா?" என்று கேட்டார்கள்.

ஒருநாள் மழை மூட்டம். வீடெல்லாம் இருட்டு. நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டதும் அம்மா நிமிர்ந்து, "பாங்கு சொல்லிப்போட்டாங்களா? பேரீச்சம்பழம் எடு கண்ணு" என்றார்கள். மணி ஒன்றுகூட ஆகவில்லை. நோன்பு திறக்கும் மஃரிப் பொழுது சாய்ந்த பிறகுதான். "ஆமாம்மா, மஃரிப் ஆயிருச்சு" என்றேன். அம்மா பிஸ்மில்லாஹ் சொல்லி நோன்பு திறந்து, ஒரு தட்டு சோறு சாப்பிட்டார்கள்.

மறுநாள் மழை இல்லை. நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டேன். அன்று முதல் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் நண்பகலில் பொழுது சாய்ந்தது. டாக்டரும் அதற்கேற்ப மருந்து வேளையை மாற்றித் தந்தார். நான் சொல்லி நம்பாத நாட்களில் கீழ் வீட்டுக் கன்னட அக்கா மேலே வந்து, "சாயங்கால ஆய்த்தம்மா" என்பார். அவர் சொன்னால் அம்மா உடனே நம்பிவிடுவார்கள்.

பெங்களூரிலிருந்து வந்து இதைப் பார்த்த அண்ணன், "நாளைக்கு அல்லாவுக்கு முன்னால நீதான் பதில் சொல்லணும்" என்றார். சொல்லிவிட்டு மாலை பஸ் ஏறிவிட்டார். நான் பள்ளிவாசல் அஜ்ரத்திடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நெனவு தப்பினவங்க மேல நோன்பு கடமையே இல்லம்மா. அவங்க சாப்பிடறதுல ஒரு குத்தமும் இல்ல. பொய் சொன்னதுக்கு நீங்க தவ்பா செஞ்சுக்குங்க" என்றார். மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன். மறுநாள் மதியம் மறுபடியும் திரைச்சீலையை இழுத்தேன். திரும்பச் செய்யப்போவது தெரிந்தே கேட்கும் தவ்பா ஏற்கப்படுமா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நோன்பு திறக்கும் நேரத்து துஆ தள்ளப்படுவதில்லை என்பது அம்மாவின் நம்பிக்கை. நான் பக்கத்தில் நிற்கும்போதே கையேந்திக் கேட்பார்கள்: "யா அல்லா, இந்தப் புள்ள யாருன்னு தெரியல. வேளைக்குச் சோறு போடுது. அதுக்கு ஒடம்பு சொகத்தக் குடு." நான் ஆமீன் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுவேன்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில். விழுங்கும் சக்தி போய்விட்டது. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அன்று மாலை ஜன்னல் வழியே பாங்கு கேட்டது. உண்மையான மஃரிப். அதுவரை கண் மூடிக் கிடந்த அம்மா என் பக்கம் திரும்பி, பேரீச்சம்பழத்துக்காக வாயைத் திறந்தார்கள். என் பையில் பழம் இருந்தது.

"இது மஃரிப் இல்லம்மா. இன்னும் நேரம் இருக்குது" என்றேன்.

அம்மா வாயை மூடிக்கொண்டார்கள். கோபப்படவில்லை, திரும்பக் கேட்கவும் இல்லை. மஃரிபுக்குக் காத்திருப்பது அவர்களுக்குப் புதிதா என்ன? அந்த வாய் பிறகு திறக்கவில்லை. மறுநாள் சூரியன் உதிக்குமுன் அல்லாஹ் அழைத்துக்கொண்டான். இரண்டு வருடம் பொய் சொல்லி ஊட்டியவள் நான். கடைசியில் பொய் சொல்லிப் பசியோடு அனுப்பியவளும் நான்.

திரைச்சீலை இழுத்த வீட்டுக்கு வந்து சிரிக்காமல் ஸலாம் சொல்லிப் போன உறவினர்களுக்கும், மருந்து வேளையை மாற்றித் தந்த டாக்டருக்கும், அம்மாவைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிய பெண்களுக்கும், கபுர் தோண்டிய சகோதரர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும். எங்களுக்காகப் பொய் சொன்ன கீழ் வீட்டு அக்காவுக்கு நான் பட்ட நன்றிக்கடனை எந்த மொழியில் சொன்னாலும் போதாது. அண்ணனிடம் எனக்கு வருத்தம் இல்லை. ஜனாஸாவைத் தூக்கும்போது என்னைவிட அதிகமாக அழுதவர் அவர்தான்.

அம்மா உங்களில் யார் மனதையாவது நோகடித்திருந்தால் அம்மாவை மன்னித்துவிடுங்கள். என்னை மன்னிக்க வேண்டியது அம்மா ஒருவர்தான். உங்களிடம் கேட்பது ஒன்றே. நோன்பு திறக்கும்போது எங்கள் அம்மாவை நினைத்து, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுங்கள். பாங்கு சொன்னதும் கொடுத்துவிடுங்கள். காக்க வைக்காதீர்கள்.