என் எண்ணில் ஒரு மெஸ்

குற்றாலத்தில் மெஸ் நடத்திய என் நண்பரிடம் பட்டன் போன்தான் இருந்தது. வெளியூர்க்காரர்கள் இணையத்தில் தேடினால் மெஸ் தெரியட்டும் என்று நானே பதிந்து கொடுத்தேன். தொடர்புக்கு என் எண்ணைப் போட்டேன். சீசனில் அழைப்பவர்களுக்கு வழி சொல்லி அனுப்புவேன்.

ஒருநாள் மெஸ் வாசலில் கூட்டம் காத்திருக்க, நான் உள்ளே மோர்ச்சோற்றைப் பிசைந்தபடி பக்கத்து இலைக்காரரிடம் பேசிக்கொண்டே இருந்தேன்.

"ஓய் வாத்தியாரே, பாடத்தை முடியும். ஜனம் பசியோட நிக்குது" என்றார் நண்பர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளிலிருந்து அழைத்தவர்களிடமெல்லாம், "மெஸ்ஸை மூடியாச்சு" என்றேன். அந்த சீசன் முழுவதும் அப்படித்தான் சொன்னேன்.

ஆள் வரத்து குறைந்தது. பக்கத்தில் வந்த புது ஓட்டல்தான் காரணம் என்று அவர் நம்பினார். ஐப்பசியில் மெஸ்ஸை மூடிவிட்டு கோவைக்கு, மகள் வீட்டுக்குக் கிளம்பினார். "நீரும் எவ்வளவோ செஞ்சு பாத்தீரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தென்காசியில் இருக்கும் எனக்கு இன்றும் அழைப்புகள் வருகின்றன. மூடியாச்சு என்று இப்போது உண்மையைச் சொல்கிறேன். பதிவை நீக்க மனமில்லை. அதில் கரண்டியோடு அவர் சிரிக்கும் படம் இருக்கிறது.

போன வாரம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் அவரை அழைத்தேன்.

"வாத்தியாரே, அங்கன சாரல் விழுதா?" என்றார்.

"விழுது" என்று மட்டும் சொன்னேன்.