பியானோக்காரருக்கு ஒரு பொன்னாடை

யாரையாவது பிடித்துவிட்டால், பொன்னாடை போர்த்தினால்தான் அப்பாவுக்கு மனம் ஆறும். என் நடன ஆசிரியைக்குப் போர்த்தியிருக்கிறார், கோயில் ஐயருக்குப் போர்த்தியிருக்கிறார், ஒருமுறை எங்கள் பல் வைத்தியருக்கும் போர்த்திவிட்டு வந்தார். ஆகவே மொன்றியல் ஜாஸ் விழாவுக்கு அவர் ஒரு பட்டுச் சால்வையோடு புறப்பட்டபோது அம்மாவும் நானும் ஆச்சரியப்படவில்லை.

அன்று வாசித்தவர் இந்த நகரத்திலேயே பிறந்து, உலகமெல்லாம் பேர் எடுத்த பியானோக் கலைஞர். அப்பா கனடாவுக்கு வந்த புதிதில் அவர் வாசிக்கும் விடுதியின் குசினியில் கோப்பை கழுவினார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் வாசிப்பார், இந்தப் பக்கம் அப்பா கேட்டுக்கொண்டே கழுவுவார். அந்த முதல் குளிர்காலத்தில் தனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது அந்தச் சத்தம்தான் என்பார். ஆனால் ஆளை நேரில் பார்த்ததில்லை. இதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி என்று பேப்பரில் போட்டிருந்தது.

நாங்கள் வெள்ளெனப் போய் மேடைக்குக் கிட்ட இடம் பிடித்தோம். கடைசிப் பாட்டு வந்தது. ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் சனம் பாட்டின் நடுவிலேயே கைதட்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. பெரியவர் பியானோவிலிருந்து கையை எடுத்தார், கைதட்டல் எழுந்தது, அப்பாவும் எழும்பினார்.

“இருங்கோப்பா, மற்ற வாத்தியக்காரர் இன்னும் வாசிக்கினம்,” என்றார் அம்மா.

“எல்லாரும் கை தட்டீனம். இப்ப விட்டா இனி எப்ப?”

அதற்குள் அப்பா மேடையில் நின்றார். ட்ரம்ஸ்காரர் வாசிப்பை நிறுத்தாமல் அவரையே பார்த்தார். அப்பா சால்வையை உதறி, முறைப்படி பெரியவரின் தோளில் போர்த்தி, “மெர்சி, மிஸ்யூ,” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கும்பிட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் விழித்துவிட்டுத் தானும் கும்பிட்டார். காவலாளி வந்து அப்பாவைப் பக்குவமாக இறக்கிவிட்டார்.

பெரியவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கியதும் பட்டு வழுக்கிச் சரிந்தது. இடது கையால் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பாட்டை முடித்தார். அப்பா எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மெட்ரோவில் வீடு வரும்வரை அப்பா ஒன்றையே சொன்னார்.

“கண்டனியே பிள்ளை, மனுசன் கீழை விழ விடேல்லை.”

சில வருடம் கழித்து நானே பியானோ பழகப் போனேன். ஆசிரியை அந்தப் பெரியவரின் ஒலிப்பதிவைப் போட்டு, இடது கையை மட்டும் கவனிக்கச் சொன்னார். ஜாஸ் பியானோ வாசிக்கிறவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய இடது கையாம் அது. இன்றைக்கும் வாசிக்க உட்காரும்போது அந்தப் பெரியவருக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். தன் கடைசிப் பாட்டில் அவர் அந்தக் கையைத்தான் அப்பாவின் சால்வைக்குக் கொடுத்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.