தவறான விடை சொல்ல ஓர் ஆள்

ஒரு பெண்ணை ஆண்டு முழுவதும் மந்தபுத்திக்காரியாக நடிக்க வைத்தேன். நடிக்க மறுத்ததற்காக அவருடைய மதிப்பெண்ணில் கை வைத்தேன். அதனால் அவருக்கு அரசு ஆசிரியர் வேலை கிடைக்காமல் போனது. செய்தது நான்தான், சூழ்நிலை செய்யவில்லை.

இதை எழுத வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களில் முதல் ஆள் என் மனைவி. "ரிட்டையர் ஆன மனுஷங்க கோயிலுக்குக் கெளம்புவாங்க. நீங்க கோர்ட்டுக்குக் கெளம்புற மாதிரி கெளம்புறீங்களே" என்றாள். யார் சொன்னாலும் எழுதத்தான் போகிறேன்.

அந்தமானில், போர்ட் பிளேரில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் தமிழ்ப் பிரிவின் விரிவுரையாளராக நெடுங்காலம் இருந்தேன். மெயின்லேண்டிலிருந்து பெரிய பட்டங்களோடு வந்தவன். என் பாடம் நுண்ணிலைக் கற்பித்தல். வெளியாட்களுக்கு அது விளையாட்டு மாதிரித் தெரியும். ஆறு நிமிடப் பாடம். அதில் ஒரே ஒரு திறன்: பாடத்தைத் தொடங்குவது, அல்லது கிளர்வினா கேட்பது, அல்லது கரும்பலகையில் எழுதுவது. குழந்தைகள் கிடையாது. கூடப் படிக்கும் பயிற்சி மாணவர்களே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாகப் பெஞ்சில் உட்காருவார்கள். முடிந்ததும் நிறைகுறை பேசுவோம். பிறகு பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதி, அதே பாடத்தை மறுபடி நடத்த வேண்டும். அந்த இரண்டாம் முறையில்தான் ஆசிரியர் உருவாகிறார்.

இப்போது சிலர் இதை வெறும் நாடகம் என்று கேலி செய்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீச்சல் தெரியாதவனைப் படகு நிற்கும் ஜெட்டியிலிருந்து கடலில் பிடித்துத் தள்ளுவதா பயிற்சி? முறையில் குற்றமில்லை. என் குற்றத்தை முறையின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கவும் நான் தயாரில்லை.

கிளர்வினாத் திறனுக்கு ஒரு தவறான விடை தேவை. எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டால் ஆசிரியர் எதைக் கிளறுவார்? அரைகுறையாகச் சொல்லும் பிள்ளையிடம் அடுத்தடுத்துக் கேட்டு, அந்தப் பிள்ளையின் வாயிலிருந்தே சரியான விடையை வரவழைப்பதுதான் திறன். ஆகவே தவறாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆண்டு தெற்கே லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா ஹட் பேயில் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பெண்ணின் தமிழில் மலையகமும் இந்தியும் கலந்து வரும். முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்து, "வெளங்கல சார், மத்லப், செடி எப்பிடி சார் சாப்புடும், அதுக்கு வாய் இல்லீங்களே?" என்று அவர் கேட்டதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுச் சொன்னேன்: "இனிமே டல் ஸ்டூடண்ட் நீதாம்மா. உனக்கு நேச்சுரலா வருது."

பாராட்டாகத்தான் சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் மதுரையிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளையிடமோ, போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் கடை வைத்திருந்தவரின் பிள்ளையிடமோ அதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

பாடத்திட்டத்தில் ஆசிரியர் செயல் ஒரு பக்கம், மாணவர் செயல் ஒரு பக்கம் எழுதுவார்கள். கொஞ்ச நாளில் மாணவர் செயல் பக்கத்தில் எல்லாரும் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்தார்கள்: "ஹட் பே – தவறான விடை." நான் அவற்றில் கையெழுத்துப் போட்டேன். யாருடைய பாடம் வெற்றி பெறவும் அவர் தோற்க வேண்டியிருந்தது. அது வகுப்போடும் நிற்கவில்லை. விடுதியில் அவரிடம் எதையும் இரண்டு தடவை சொன்னார்கள். அவர் தன் முறைக்குப் பாடம் நடத்த எழுந்தால், சுண்ணக்கட்டியை எடுப்பதற்கு முன்பே பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது.

ஒரு நாள் என் அறை வாசலுக்கு வந்து நின்றார். "சார், ஒரு தடவை வேற யாரையாச்சும் அதுல போடுங்க சார்."

"நடிப்புதானேம்மா?"

"நடிப்புன்னா மாத்தி மாத்தி நடிக்கலாம்ல சார்?"

"உன்ன மாதிரி யாருக்கும் வராது" என்றேன். அவர் திரும்பிப் போனார்.

ஆண்டுக் கடைசியில் மெயின்லேண்டிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். அவர் முன்னால் மாதிரிப் பாடம் நடத்த என் செல்ல மாணவனை நிறுத்தினேன். கெட்டிக்காரன், கணீரென்ற குரல். கடல் ஏற்றமும் வற்றமும் பாடம். கடல் ஏன் ஏறுகிறது என்று அவன் கேட்க வேண்டும். "காத்து அடிக்கிறதால" என்று ஹட் பே பெண் சொல்ல வேண்டும். அங்கிருந்து படிப்படியாகக் கேட்டு நிலாவுக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தோம்.

அவன் கேட்டான். அவர் எழுந்தார். "நிலா இழுக்குறதால சார்."

அவன் திகைத்துப் போனான். ஆறு நிமிடத்துக்கான திட்டம் முதல் விடையிலேயே முடிந்துவிட்டது. "நல்லது, உட்கார்" என்றான். அவர் உட்காரவில்லை.

"சார், ஒரு டவுட்டு. நிலா ஒண்ணுதானே? அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏன் சார் தண்ணி ஏறுது? எங்க ஜெட்டியில ரெண்டு தடவை ஏறுதே."

வகுப்பு சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் சன்னலைப் பார்த்தேன். எனக்கும் விடை தெரியாது. தேர்வாளர் மட்டும் சிரித்து, "நல்ல கேள்வி" என்றார். மணி அடிக்கும் வரை அவன் கரும்பலகையை அழித்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் அந்தப் பெண்ணின் இறுதிப் பாடம். முதல் சுற்றில் கொஞ்சம் தடுமாறினார். மற்ற எல்லாருக்கும் கொடுத்த மறுகற்பித்தலை அவருக்கு நான் கொடுக்கவில்லை. நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது. ஒத்துழைப்பு என்ற தலைப்பில் போடக்கூடிய மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டேன். ஒழுங்கீனம் என்று குறிப்பும் எழுதினேன். பணி நியமனத்தில் அவர் கீழே தள்ளப்பட்டார். இடங்கள் அவருக்கு மேலேயே நிரம்பிவிட்டன. செல்ல மாணவன் வேலைக்குப் போனான், மேலே படித்தான், பிற்காலத்தில் என் நாற்காலிக்கே வந்தான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவன் என்னை வகுப்பு பார்க்க அழைத்தான். கடைசி பெஞ்சில் வடக்கே மாயாபந்தரிலிருந்து வந்த ஓர் இளைஞன் தப்பும் தவறுமாக விடை சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். என் பழைய மாணவன் அவன் தோளில் தட்டி, "இந்த ரோல் உனக்குத்தாண்டா. நேச்சுரலா வருது" என்றான். குரல் மட்டும்தான் அவனுடையது, வார்த்தைகள் என்னுடையவை.

அன்று மாலையே பேனாவை எடுத்தேன். முதலில் கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன்: நான் போட்ட மதிப்பெண் அநியாயமானது, திருத்துங்கள். பழைய மதிப்பெண்ணைத் திருத்த விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. பிறகு ஹட் பேக்குக் கப்பலேறினேன்.

அவர் அங்கே ஒரு சின்னத் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தச் சம்பளம். தலையில் நரை. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அரே, சாரா! டீ குடிக்கிறீங்களா?"

வராந்தாவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மறுகற்பித்தல், நேரம் இருந்தது, மதிப்பெண், குறிப்பு. அவர் பாதியில் தடுக்கவில்லை. முடித்ததும், "எனக்குத் தெரியும் சார். அன்னைக்கே தெரியும்" என்றார்.

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

"அதுக்குத்தான்னா அடுத்த கப்பல்ல திரும்பிப் போயிருங்க சார். நான் டீச்சராகலன்னு பாவம் பாத்து வந்தீங்களா? நான் டீச்சர்தான். நீங்க போட்ட மார்க்கு கவர்மெண்ட்டத்தான் தடுத்துச்சு, என்னயத் தடுக்கல. ஆனா ஒண்ணு. அத்தன பேரு முன்னால என்னய உக்கார வச்சீங்க. இப்ப யாருமில்லாத வராந்தாவுல வந்து தப்புங்கிறீங்க. இது எந்த ஊரு நியாயம் சார்?"

உள்ளே பிள்ளைகள் கத்தினார்கள். "சுப் கரோ! வர்றேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு, என் கைப்பேசி எண்ணை வாங்கி ஒரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டே வகுப்புக்குள் போய்விட்டார். டீ வரவில்லை.

திரும்பியதும் பழைய மாணவனிடம் போனேன். உன் மாணவர்கள் முன்னால் பேச வேண்டும் என்றேன். என்ன பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் அவன் முகம் கறுத்தது.

"சார், அது ஒரு ரோல் சார். யாராவது ஒருத்தர் தப்பா சொல்லித்தானே ஆகணும்? இப்பப் போய் இதெல்லாம் கிளறினா நம்ம ரெண்டு பேருக்கும் அசிங்கம்."

"கிளறத்தானடா நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன்.

பேசினேன். பெயர் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். கடல் கேள்விக்கு எனக்கு விடை தெரியாததையும் சொன்னேன். முடித்தபோது ஒரு மாணவி கேட்டார்: "அப்போ இன்னைக்கு டல் ஸ்டூடண்ட் யாரு சார்?" நான் மாயாபந்தர் இளைஞனை முன் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு அவன் இடத்தில் உட்கார்ந்தேன்.

அது பெரிய தியாகம் என்று நினைத்தவன் நான். ஒன்றுமே ஆகவில்லை. நான் தவறாகச் சொன்னபோது எல்லாரும் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். "சார் சூப்பரா நடிக்கிறீங்க" என்றார்கள். முனைவர் பட்டம் வாங்கியவன் முட்டாளாக நடித்தால் அது வேடம். அந்தப் பெண் நடித்தபோது அதை யாரும் வேடமாகப் பார்க்கவில்லை. இதைத் தொலைபேசியில் அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஒரு நாளுதானே சார் உக்காந்தீங்க? டெய்லி உக்காருங்க. அப்பறம் பேசுவோம்."

வாரத்தில் இரண்டு நாள் போனேன். பழைய மாணவனுக்குப் பிடிக்கவில்லை. "சாருக்கு வயசாயிருச்சுன்னு பேசிக்கிறாங்க சார்" என்றான். பேசட்டும் என்றேன். மாணவர்கள் பாடத்திட்டத்தில் மாணவர் செயல் பக்கத்தில் "பெரிய சார் – தவறான விடை" என்று எழுத ஆரம்பித்தார்கள். புன்னகை மெல்ல மெல்லச் சிரிப்பானது. ஒரு நாள் கேன்டீனில் நான் பாராடாங் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். மாயாபந்தர் இளைஞன் என் பக்கம் குனிந்து, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, கையை ஆட்டிக் காட்டிச் சொன்னான். பிறகு, "புரிஞ்சுதா சார்?" என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். அவன் முகத்தில் கேலி இல்லை. உண்மையான இரக்கம் இருந்தது.

அதையும் வகுப்பில் சொன்னேன். அவன் பதறிப்போய், "மரியாதைக்குத்தான் சார் சொன்னேன், சத்தியமா" என்றான். "தெரியும், அதனால்தான் சொல்கிறேன்" என்றேன். அடுத்த வாரம் மாணவர்களே ஓர் ஏற்பாடு செய்தார்கள்: தவறாகச் சொல்பவர் ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு ஆள், யார் என்பது பாடம் நடத்துபவருக்குத் தெரியக் கூடாது. திட்டத்தில் எழுதி வைக்க முடியாததால் பாடங்கள் பாதிக்குமேல் சொதப்பின. ஆனால் பெஞ்சிலிருப்பவரைக் கவனிக்காமல் யாராலும் நடத்த முடியவில்லை. பழைய மாணவன் அதைத் தடுக்கவில்லை. ஆதரிக்கவும் இல்லை. என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

ஹட் பேக்குப் போன் செய்து பஸ் கதையைச் சொன்னேன்.

"எத்தன நாள்ல சார் அப்பிடி ஆச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"நான் ஒரு வருஷம் அந்தப் பெஞ்சுல இருந்தேன் சார். அதுக்கப்பறமும் எந்திரிச்சுக் கேள்வி கேட்டேன்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "வைக்கிறேன் சார், கிளாஸ் இருக்கு" என்றார்.