அசருக்கு முன் தெருவே போனை அணைத்த நேரம்

சகோதரிகளே, என் மகள் ஹசீனா நிறைமாதத்தில் வெட்டி இழுத்துக் கிடந்தாள். என் கையில் போன் இருந்தது. ஆனால் அது பேசாது. அந்த நிலையில் நின்றவளுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். படைத்தவன் என்னை அதிலிருந்து எப்படித் தூக்கினான் என்பதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தால் நான் நன்றி கெட்டவள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். கார்த்திகைப் புயல் விடியுமுன் அடித்து ஓய்ந்தது. மரத்தை வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். எங்கள் ஊரில் வைத்த தென்னையெல்லாம் வேரோடு ரோட்டில் கிடந்தது. கரண்ட் கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த செல்போன் டவர் மட்டும் நின்றது. அதன் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து அதுவும் ஊமையானது.

மறுநாள் பகலில் ஹசீனாவுக்கு ஜன்னி கண்டது. கண் மேலே சொருகியது, பல் கிட்டிப்போனது. எதிர்வீட்டு மைமூன் நர்ஸ் வேலை பார்த்தவள். தொட்டுப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மாமி, இது வீட்ல பாக்குற விஷயம் இல்ல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். தாமதிச்சா ரெண்டு உசுரும் போயிடும்."

கட்டிலோடு தூக்கி மெயின் ரோடுவரை கொண்டுபோக ஆள் இருந்தது. அங்கே ஆம்புலன்ஸ் வந்து நிற்க வேண்டுமே. அதற்கு யார் சொல்வது? என் கணவர் ரியாத்தில், மருமகன் குவைத்தில். கூரை பறந்த வீட்டில், ஈரத் தரையிலேயே முசல்லாப் பாயை விரித்துத் தொழுகையில் விழுந்தேன். எனக்கு அரபியில் ஒரு துஆவும் வாயில் வரவில்லை. "யா அல்லாஹ், ஒரே ஒரு போன். வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்று தமிழில்தான் கதறினேன்.

எழுந்து பள்ளிவாசலுக்கு ஓடினேன். டவரைப் பார்த்துக்கொள்ளும் செல்வம், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்து சேர்ந்திருந்தார். "டீசல் இருந்தா இப்பவே ஓட்டிடுவேங்க" என்றார் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம். பாங்கு சொல்லும் மைக்குக்காகப் பள்ளிவாசலில் ஒரு கேன் டீசல் வைத்திருந்தார்கள். ஹஜ்ரத் யோசிக்கவே இல்லை.

"எடுத்துக்கங்க தம்பி. பாங்கைத் தொண்டையால சொல்லிக்குவோம்."

ஜெனரேட்டர் உறுமியது. கொஞ்ச நேரத்தில் சிக்னல் வந்தது. அழுதுகொண்டே 108 அடித்தேன். போகவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும் போகவில்லை. எங்கள் தெருவில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு கிடையாது. சவுதியிலும் துபாயிலும் டிவியைப் பார்த்துப் பதறிக்கொண்டிருப்பவர்களுக்கு "உசுரோட இருக்கோம்" என்று சொல்ல, சிக்னல் வந்த நொடியில் ஊரே போனை எடுத்துவிட்டது.

"எல்லாரும் ஒரே நேரத்துல அடிச்சா எதுவும் போகாதுங்க. இந்த டவர் தாங்காது" என்றார் செல்வம்.

அப்போதுதான் எனக்கு உயிரே விட்டுப்போனது. கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் பறிக்கிறாயே என்று படைத்த ரப்பிடமே சண்டை போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் போட்டேன். வீட்டிலிருந்து மைமூன் அனுப்பிய ஆள் ஓடிவந்து, ஹசீனாவுக்கு மறுபடியும் இழுக்கிறது என்றார்.

அசர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போது மினாராவிலிருந்து, பாங்கு சொல்லும் மோதினாரின் குரல் கேட்டது. மைக் இல்லை. வயதான மனிதர், காதில் விரலை வைத்து நெஞ்சு கிழியக் கத்தினார்.

"ஹசீனாவுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடணும்! எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க! அல்லாஹ்வுக்காக ஆஃப் பண்ணுங்க!"

பாங்கு ஓதித்தான் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். வாசல்களில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போனைக் காதிலிருந்து எடுத்து அணைத்தாள். தெரு அமைதியானது. நான் அடித்தேன். மறுமுனையில் ஒரு பெண் "சொல்லுங்க" என்றாள்.

கட்டிலோடு தூக்கிப் போனார்கள். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுக்கு வந்தது. திருவாரூரில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். ஹசீனா கண் விழிக்க நாளாயிற்று, ஆனால் விழித்தாள். இன்று பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள், என்னைவிட அதிகம் வாயாடுகிறாள். எல்லாம் அவன் போட்ட பிச்சை.

ஊர் திரும்பிய பிறகுதான் பக்கத்து வீட்டு சபுரா விஷயம் தெரிந்தது. அவள் மகன் சவுதியில் தமாமில் இருக்கிறான். புயலுக்குப் பிறகு அவன் குரலைக் கேட்கத் தவித்த அவளுக்கு மட்டும் அன்று லைன் கிடைத்திருக்கிறது.

"'ம்மா'ன்னு ஒரு வார்த்தை சொன்னான் லாத்தா. மோதினார் சத்தம் கேட்டுச்சு. கட் பண்ணிட்டேன்" என்றாள்.

அவன் அந்தப் பக்கம் அன்று முழுக்க என்ன பாடுபட்டிருப்பான்! அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அதற்குமுன் என் துஆ முழுக்க என் வீடு, என் பிள்ளை என்றே இருக்கும். இப்போது கை ஏந்தினால் முதலில் சபுராவின் மகன் பெயர்தான் வருகிறது.

சகோதரிகளே, அவனிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். ஆனால் கேட்டு முடித்ததும் காதைத் திறந்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரி அழுது கேட்ட துஆவுக்கு, அவன் உங்களைத்தான் பதிலாக எழுதியிருப்பான்.