மூன்றாம் மாடி ஏறிய காளியப்பன் அண்ணன்

செய்தி வந்தபோது நான் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் கடை பாய் வந்து என் பூக்கடை முன்னால் நின்றார். என்னைக் கண்டால் வம்பு பேசாமல் போக மாட்டார். நானும் விட மாட்டேன். அன்று வம்பு இல்லை. "ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வந்துச்சு, பாக்கியம்" என்றார். "என்னவாம், அண்ணன் எந்திரிச்சு உக்காந்து தாதிமாரோட சண்டை போடுறாராமா?" என்று கேட்டேன். பாய் என் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

காளியப்பன் அண்ணன் போய்விட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்காக, அச்சில் போட, நம் தமிழர் சங்கத்தில் எழுதச் சொன்னார்கள். சங்கத்தில் நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை எழுதச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் எழுதினால் அவர் தங்கம், வைரம் என்று எழுதுவார்கள், நீ எழுதினால் மனிதராக எழுதுவாய் என்றார்கள். ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, பாரம் இறக்கும் கயிற்றுத் தூக்கு அறுந்து விழுந்து அவருடைய இரண்டு காலும் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டன. அது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவருக்கு இந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை. பாய்தான் கடைக்குப் பின்னால் ஓர் இடம் கொடுத்து, கோணிய சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து நேராக்கும் வேலையும் கொடுத்தார். நாலு சின்ன உருளை வைத்த பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் மரக்கட்டை பிடித்துத் தரையைத் தள்ளிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் அவர் முதல் முதலாக வந்தபோது, தெருவே வாயை மூடிக்கொண்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணே, இனிமே செருப்புக் கடைக்காரன் உங்ககிட்ட ஒரு காசு பார்க்க முடியாது!" என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் என்னை அடிக்கவே கையை ஓங்கினார். முதலில் சிரித்தவர் அண்ணன்தான். "எல்லாரும் என்னைப் பார்த்தா குரலைத் தாழ்த்திக்கிறாங்க. நீ ஒருத்திதான் கத்துறே. கத்து, தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து கத்தினேன்.

வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலம் அது. கை கால் இழந்தவர்கள், கண் தெரியாதவர்கள் இவர்களுக்கெல்லாம் தொழில் பழக்குவது எப்படி, வேலை தேடிக் கொடுப்பது எப்படி என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்ல ஒரு குழு அமைக்கப் போகிறார்கள் என்றும், அதற்குச் சங்கம் அண்ணன் பெயரைக் கொடுத்திருக்கிறது என்றும் பேச்சு வந்தது. ஒரு நாள் ஓர் அதிகாரி சைக்கிள் கடைக்கே வந்தார். கூடவே வந்த அலுவலகக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் கிராணியார், தமிழில் கேட்டார்: பெயரைப் போட்டால் உமக்குச் சம்மதமா? சம்மதம் என்றார் அண்ணன். வந்தவர்கள் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அவர்கள் போன பிறகு என் கடைக்கு உருண்டு வந்தார். "ஏண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்தப் பெரிய மனுசங்க சகவாசம்?" என்று கேட்டேன். அவர் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. "காலை எடுத்தப்புறம் கட்டிலைச் சுத்தி நாலு பேர் நின்னாங்க. இவன் இனிமே எதுக்கு ஆவான், எங்க அனுப்பறதுன்னு பேசிக்கிட்டாங்க. நான் முழிச்சுக்கிட்டுத்தான் கிடக்கேன். பேச்சு என் தலைக்கு மேலயே ஓடுது. ஒருத்தன் குனிஞ்சு என்னைக் கேக்கலை. அந்தப் பேச்சு நடக்குற இடத்துல ஒரு தடவை உக்காரணும், பாக்கியம்."

நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சம்மதமா என்று கேட்டதை, நியமித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். நமக்கு மாலை போட ஒரு காரணம் கிடைத்தால் போதும், அது முழுக் காரணமா அரைக் காரணமா என்று யாரும் பார்ப்பதில்லை. மண்டபம் பிடித்தாயிற்று, ஒலிபெருக்கி வந்தாயிற்று. நம் தெரு ஜவுளிக்கடை முதலாளி தலைமை. அண்ணனைப் பலகையோடு தூக்கி மேடையில் ஒரு மேசை மேல் வைத்தார்கள். கழுத்தில் என் மாலைகள். "உற்சவர் மாதிரி இருக்கீங்க, தேங்காய் உடைக்கவா?" என்று கீழேயிருந்து சைகையாலேயே கேட்டேன். முதலாளி பொன்னாடை போர்த்திவிட்டு, தமிழினத்துக்கே கிடைத்த பெருமை என்று நெடுநேரம் பேசினார். பிறகு எல்லாரும் வடை காப்பிக்குக் கீழே இறங்கினார்கள். அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார்கள். பூக்கூடைகளை எடுக்க நானும் பாயும் மேடைக்குப் போனால், மேசை மேல் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். இறக்கிவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "தூக்கி வைக்க ஆறு பேர் வந்தானுங்க" என்றார். நாங்கள் இருவரும் பலகையோடு இறக்கினோம்.

குழுவில் இருப்பவர்கள் யார் யார் என்று பேப்பரில் வந்தது. டாக்டர்கள், கம்பெனி நிர்வாகிகள், தர்ம காரியம் செய்கிற சீமாட்டி ஒருவர். காளியப்பன் இல்லை. தமிழர் என்று ஒரே ஒரு பெயர்; அது ஜவுளிக்கடை முதலாளியுடையது.

முதலாளி கெட்டவர் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அவரே என் கடைக்கு வந்தார். "நானா போய்க் கேக்கலைம்மா. அவங்களா போட்டுட்டாங்க. காளியப்பனுக்காகத்தான் அங்க நான் பேசப் போறேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் அவரைப் பாராட்ட மாலை வேண்டும் என்று ஆள் வந்தது. பூ இல்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சைக்கிள் கடையிலிருந்தே குரல் கொடுத்தார்: "கட்டிக் குடு பாக்கியம். பூ என்ன பண்ணுச்சு?"

மறு வாரம் நானும் அண்ணனும், ஆள் மிதிக்கிற மூன்று சக்கரத் திரிஷா வண்டி பிடித்து, அந்தக் குழுவின் அலுவலகத்துக்குப் போனோம். படிக்கட்டின் அடியில் காத்திருந்தோம். கிராணியார் இறங்கி வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். முகத்தில் வெட்கம் இருந்தது. "குறை நினைக்காதையுங்கோ. கூட்டம் மேலே மூண்டாம் மாடியிலதான் வைக்கிறவை. நீங்கள் எப்பிடி ஏறுவியள்? அதோட பேச்செல்லாம் இங்கிலீசில. உங்களுக்குச் சிரமமாயிருக்கும் எண்டுதான் யோசிச்சவை" என்றார்.

அண்ணன் அந்தப் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். "ஏறுறது என் பாடு ஐயா. இறங்குறதும் என் பாடு. பேரைப் போடுறது மட்டுந்தான் உங்க பாடு" என்றார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அண்ணன் ஜவுளிக்கடைக்குப் போய், முதலாளியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவார். கூட்டம் முடிந்து முதலாளி வருவார். "பேசினேன் காளியப்பா. பார்க்கலாம்னாங்க" என்பார். உண்மையிலேயே பேசித்தான் இருப்பார். ஆனால் பசியை அடுத்தவன் வாயால் சொல்லவைத்தால் அது எப்படி இருக்கும்? கேட்டவர்களுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

சுயாட்சி வந்தது. துரைமார் போனார்கள். புதிய குழு அமைத்தபோது சங்கம் மறுபடியும் அண்ணன் பெயரையே அனுப்பியது. இந்தத் தடவை பெயர் வந்தது. தெருவில் இரண்டு பேர் மாலை என்று வாயெடுத்தார்கள். அண்ணன் கையை உயர்த்தினார். "போய் உக்காந்துட்டு வர்றேன். அப்புறம் போடுங்க."

பெயரைப் போட்டவர்கள் படிக்கட்டை மறந்துவிட்டார்கள். கூட்டம் அதே மூன்றாம் மாடியில்தான். கடைப் பையன்கள் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று ஓடி வந்தார்கள். "தூக்கிட்டுப் போனா மூட்டை. நான் மூட்டை தூக்குனவன், மூட்டையா போக மாட்டேன்" என்றார். இரண்டு கையையும் படியில் ஊன்றி, உடம்பை எக்கி எக்கி ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், என்னை இஸ்திரி போடச் சொல்லி வாங்கியது. முதல் மாடியிலேயே அது வியர்வையில் நனைந்துவிட்டது. கோட்டு போட்ட ஆட்கள் எங்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். ஒருவர் வணக்கம்கூடச் சொன்னார்.

அறைக்குள் என்னை விடவில்லை. வெக்கைக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வாசல் பெஞ்சில் இருந்தபடி கேட்டேன். தொழில் பழகும் கூடத்தில் யாரைச் சேர்ப்பது என்று பேச்சு. அடுத்தவர் துணை இல்லாமல் தானாக வந்து போகக்கூடியவர்களை மட்டும்தான் சேர்ப்பது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். கிராணியார் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அண்ணன் பேசினார்.

"நான் இன்னைக்குத் துணையில்லாமத்தான் வந்தேன். என் சட்டையைப் பாருங்க. என் கையைப் பாருங்க. இப்படி தினம் வந்து போறவனைத்தான் சேர்ப்பீங்களா? ஒரு வண்டி விடுங்க. கூடத்தைக் கீழ வைங்க. எங்களால வர முடியலைன்னு எழுதாதீங்க. நீங்க வழி வைக்கலைன்னு எழுதுங்க."

கிராணியார் அதை இங்கிலீஷில் சொன்னார். ஒரு வார்த்தையும் விடவில்லை என்று அவர் குரலிலேயே தெரிந்தது. பிறகு யாரோ தொண்டையைச் செருமி, இது பரிசீலிக்கப்படும் என்றார்கள்.

அடுத்த கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். நான் இதை எழுதுகிற இன்றுவரை மாறியது அது ஒன்றுதான். வண்டி வரவில்லை. விதி அப்படியே இருக்கிறது.

அந்தப் படி ஏறியதில், வெட்டின காலின் தையல் தடம் பிய்ந்துவிட்டது. எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். நாற்றம் வந்துதான் பாய் கண்டுபிடித்தார். நான் போய்ச் சத்தம் போட்டேன். "ஏண்ணே, முட்டை மாதிரி புண்ணை ஒளிச்சு வச்சா குஞ்சு பொரியுமா?" அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மெதுவாப் பேசு. வெளிய தெரிஞ்சா, பாவம் உடம்பு முடியலைன்னு பேரை எடுத்துருவாங்க." இரண்டாவது கூட்டத்துக்குக் காய்ச்சலோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி.

அங்கே அவரைப் பார்க்கத் தினமும் ஒருவர் வருவார். ஆ ஹுவாட் என்று பெயர், சீனர், மரம் அறுக்கும் மில்லில் ஒரு காலை இழந்தவர். காத்தோங் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் கட்டை ஊன்றி வருவார். தானாக வந்து போக முடியாது என்று தொழில் கூடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். ஆஸ்பத்திரிக்கு மட்டும் எப்படியோ வந்து போனார். இரண்டு பேரும் பேசுவது மலாயில். "சூடா மாக்கான்?", சாப்பிட்டாச்சா, என்று அவர் கேட்பார். சாப்பிட்டேன் என்று அண்ணன் பொய் சொல்வார். அவர் கஞ்சியைத் திறந்து ஊட்டுவார்.

ஒரு நாள் அவர் போன பிறகு அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "நான் போயிட்டா குழுவுல அந்த நாற்காலி காலியாகும். நல்ல மனுசனா ஒருத்தனைப் பார்த்து உக்கார வச்சிருவாங்க. நல்ல மனுசன் வேணாம். இவன் பேரைச் சொல்லு."

"சீனரையா? நம்ம ஆளுங்க என் தோலை உரிச்சிருவாங்க அண்ணே."

"உரிக்கட்டும். தமிழன்னா என்னைப் போட்டாங்க? கால் இல்லாதவன்னு போட்டாங்க. அந்த இடம் கால் இல்லாதவன் இடம்."

இடுகாட்டில் குழி மூடின ஈரம் காயவில்லை, பேச்சு தொடங்கிவிட்டது. தமிழனுக்குக் கிடைத்த இடம், நழுவவிடக் கூடாது என்றார்கள். ஜவுளிக்கடை முதலாளி தன் மைத்துனர் பெயரைச் சொன்னார். படித்தவர், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார், பொறுமைசாலி. "மாடி கீடின்னாக்கூட அவருக்குச் சிரமம்..." என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். தப்பாகச் சொல்ல வந்துவிட்டோம் என்று அவருக்கே புரிந்தது. அப்போதுதான் நான் ஆ ஹுவாட் பெயரைச் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணனைத் தெரிந்தவர்களே, உங்களில் பலரிடம் அவருடைய படம் இருக்கும், அவர் கோட்டம் எடுத்த சைக்கிள் இருக்கும். என்னிடம் ஒரு சீனருடைய பெயர்தான் இருக்கிறது. வைத்துக்கொள் என்று தரவில்லை, சொல் என்று தந்தார். இடுகாட்டில் சொன்னேன். இதோ, உங்கள் எல்லார் முன்னும் அச்சில் சொல்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை கடையைப் பாயிடம் விட்டுவிட்டு, குழு அலுவலகத்தில் கிராணியாரிடமும் போய்ச் சொல்லப் போகிறேன். ஆ ஹுவாட்டும் வருகிறார். கூட வர நினைப்பவர்கள் வாருங்கள். வராதவர்கள், அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள்.